பன்னிரண்டாம் மதகு

பருத்தி எடுப்பதை விடிந்ததும் தொடங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் காய்ந்த இலை நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு துணுக்காகக் கிள்ளி எறிய வேண்டும். கத்திரி பிறந்த மூன்றாம் நாள், ஒரு வியாழக்கிழமை, காலை ஏழரை மணிக்குப் பூவனாங்குடி தெற்குத்தெருவில் நாய்களைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை. எல்லாரும் பருத்திக் கொல்லையில் இருந்தார்கள்.

சுடர்விழி பி.காம். படித்தவள். அந்தத் தெருவில் முதல் பட்டம் அவளுடையது. பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. வேலை தேடிக்கொண்டிருப்பவள் பருத்தி எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லாததால் அம்மா தங்கம்மாளுக்குப் பக்கத்துச் சாலில் குனிந்து நின்றாள். இடுப்பில் கட்டியிருந்த பழைய சேலை மடி பாதி நிறைந்திருந்தது. மடிக்குள் போன் நடுங்கியது. ஒரு தரம் இல்லை, விடாமல் நடுங்கியது.

"எடுத்துத்தான் பாரேன். வேலைக்குக் கூப்புடுறானுவளோ என்னவோ" என்றாள் தங்கம்மாள்.

"வேலைக்குக் கூப்புடுறவன் இத்தன தரமா கூப்புடுவான்?"

பாசனதாரர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு அது. அப்பா ஐயாவு நிலம் வாங்கியபோது பத்திரத்தை மகள் பேரில் பதிந்தார். வீட்டில் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான் என்பது அவர் கணக்கு. அதனால் சங்கத்தில் உறுப்பினர் அப்பா இல்லை, மகள்.

செயலாளர் செந்தில்குமார் சங்கத்துக்கு வந்த மின்னஞ்சலிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக் குழுவில் போட்டிருந்தார். 'ஆபீசுலேருந்து வந்தது. எல்லாரும் பார்த்துக்கொள்ளவும்.' அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு. ஒருவர் 'நன்றி ஐயா' என்றிருந்தார். ஒருவர் காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூ அனுப்பியிருந்தார். சுடர்விழி கோப்பைத் தொட்டாள். 'இந்தக் கோப்பைத் திறக்க இயலாது' என்றது போன். மறுபடி தொட்டாள். மறுபடியும் அதையே சொன்னது.

'யாருக்காவது திறந்துச்சா?' என்று எழுதினாள்.

ஐந்து நிமிஷத்தில் இன்னும் இரண்டு கும்பிடு வந்தன. பிறகு செந்தில்குமார்: 'ஆபீஸ் விஷயம் பாப்பா. நம்ம நல்லதுக்குத்தான் அனுப்புவாங்க.'

'நீங்க திறந்து பாத்தீங்களான்னு கேட்டேன்.'

அதற்குப் பதிலாக ஒரு கும்பிடு வந்தது.

சுடர்விழிக்குக் கோபம் வரும்போது காது மடல் சிவக்கும். தங்கம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "எவன் என்னா சொன்னான்?" என்றாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதாம்மா சங்கடம். நாப்பத்திரண்டு பேரு இருக்காங்க. என்னா வந்துருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. ஆனா எல்லாரும் கும்புடுறாங்க."

மூலக் கடிதத்தை அப்படியே அனுப்பச் சொல்லி மூன்று முறை கேட்டாள். தொல்லை தீரட்டும் என்று செந்தில்குமார் அனுப்பிவைத்தார். பொறியாளர் அலுவலகத்தின் கடிதம் ஆங்கிலத்தில் மூன்றே வரி. வாய்க்காலுக்கு சிமெண்டு போடும் வேலையில் எந்தெந்த மதகை என்ன செய்யப்போகிறோம் என்ற பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கவும். இல்லையென்றால் சம்மதம் என்று கொள்ளப்படும்.

கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. வெள்ளிக்கிழமை என்பது நாளை.

அவள் மடியை அவிழ்த்துப் பஞ்சை அம்மாவின் சாக்கில் கொட்டினாள்.

"எங்கடி கெளம்புற? இன்னும் ரெண்டு சால் கெடக்கு."

"பருத்தி நாளைக்கும் வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு வரப்பில் ஏறினாள்.

*

திருப்பனந்தாள் கடைத்தெருவில் ஹஃப்ஸாவின் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ரயில் டிக்கெட், அப்புறம் எதைத் தொலைத்துவிட்டு வந்தாலும் அதற்கு ஒரு விண்ணப்பம். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பஸ்.

"இது மூட்டை கட்டி வந்துருக்குடி. போன்ல அவுராது" என்றாள் ஹஃப்ஸா. எதையோ தரவிறக்கி மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு கோப்புகள் இருந்தன. முதலாவதைத் திறக்கச் சொன்னபோது கம்ப்யூட்டர், இதை எதைக்கொண்டு திறப்பது என்று திருப்பிக் கேட்டது.

"பேஜ்மேக்கர். எங்க வாப்பா கல்யாணப் பத்திரிக்கை அடிச்ச காலத்து சாமான். இந்த மிஷின்ல ஏறவே ஏறாது. அந்தப் பழைய டப்பாவ போன வருஷந்தான் இரும்புக் கடையில போட்டாரு."

"ரெண்டாவது?"

இரண்டாவது திறந்தது. மூன்று பக்கம். தாளில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, அலுவலக முத்திரை குத்தி, அதைப் படமாக எடுத்து அனுப்பியிருந்தார்கள். முத்திரை பளிச்சென்று இருந்தது. கையெழுத்தும் தெளிவு. மற்றதெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கூட்டல் குறியுமாகப் புழு நெளிவதுபோல் நெளிந்தது. நடுநடுவே எண்கள் மட்டும் எண்களாக இருந்தன.

ஹஃப்ஸா சிரித்தேவிட்டாள். "பழைய தமிழ் எழுத்துல அடிச்சிருக்கான். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அந்த எழுத்து இல்ல. எப்படி வந்துச்சோ அப்படியே பிரிண்ட் எடுத்து, ஒரு ஆபீசர் கையெழுத்து வேற போட்டுருக்காங்க. யா அல்லா, இதுக்கு சீல் வேற!"

"மாத்த முடியாதா?"

"எழுத்தா இருந்தா மாத்திருவேன். இது போட்டோடி. உன் மூஞ்சிய போட்டோ எடுத்துட்டு வந்து மூக்க மாத்துன்னா எப்படி?"

ஆபீசுக்குப் போன் போட்டார்கள். எடுத்தவர் மெயிலில் எழுதிக் கேளுங்கள் என்றார். பட்டியலை அடித்த ஒப்பந்ததாரரின் ஆள் ஊரில் இல்லை என்றார். வைத்துவிட்டார்.

சுடர்விழி மூன்று பக்கத்தையும் அச்செடுத்து மேஜைமேல் பரப்பினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தலைப்பு வரியில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: tha;f;fhy;. அவள் இடது கையின் ஆள்காட்டி விரல் தானாக மேலே போய் ஒரு தட்டுத் தட்டியது. வலது ஆள்காட்டி விரல் பக்கத்தில் நகர்ந்தது. இடது சுண்டுவிரல் இறங்கியது.

"என்னடி மேஜையில தாளம் போடுற?"

"பேசாத."

கல்லூரி முடித்த வருஷம் அவள் தமிழ்த் தட்டச்சு வகுப்புக்குப் போனாள். உலகமே போனைத் தடவிக்கொண்டிருக்கும்போது இவள் இரும்பைத் தட்டப் போகிறாளே என்று தெருவே சிரித்தது. அரசுத் தேர்வுக்கு வேண்டுமென்று போனாள். யளனக, யளனக என்று மூன்று மாதம் அடித்தாள். லோயர் பாஸ், ஹையர் பாஸ், வேலை மட்டும் வரவில்லை. இந்தப் பழைய எழுத்தைச் செய்தவர்கள் அதே தட்டச்சுப் பலகையைத்தான் கம்ப்யூட்டருக்குள் தூக்கி வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் t இருக்கிற கட்டையில் வ. h இருக்கிற இடத்தில் கால். a இருக்கிற இடத்தில் ய. கண்ணுக்குத்தான் அது புழு. விரலுக்கு அது பழகின பாதை.

"வ... கால்... ய்... க்... கா... ல்." விரல் நின்றது. "வாய்க்கால்."

ஹஃப்ஸா எழுந்து நின்றுவிட்டாள். "எங்க, இன்னொண்ணு சொல்லு. இது?"

அவள் விரல் வைத்த இடத்தில் kjF என்று இருந்தது. மூன்றே தட்டு.

"மதகு."

"அடிப்பாவி!"

ஹஃப்ஸா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள். சுடர்விழி கண்ணால் எழுத்தைப் பார்த்து, விரலால் தட்டி, வாயால் சொல்ல, ஹஃப்ஸா நோட்டில் எழுதினாள். முதல் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. இரண்டாம் பக்கத்துக்கு அரை மணி. மூன்றாம் பக்கத்துக்கு விரலே தேவைப்படவில்லை. பேப்பர் படிப்பதுபோல் படித்துக்கொண்டு போனாள். பதினான்கு மதகுகள். நீளம், அகலம், என்ன பழுது, என்ன செய்ய வேண்டும்.

பன்னிரண்டாவது வரியில் குரல் நின்றது.

"என்னடி?"

"பன்னிரண்டு. தெற்குத்தெரு மதகு. பயன்பாட்டில் இல்லை." கடைசிச் சொல் ePf;fk;. அதை மட்டும் மறுபடி ஒருமுறை விரலால் தட்டிப் பார்த்தாள். அது மாறவில்லை. "நீக்கம்."

ஹஃப்ஸாவுக்கு விளங்கவில்லை. "நீக்கம்னா?"

"மதகை எடுத்துட்டு அந்த எடத்துல நேரா சிமெண்டுச் சுவர் வச்சுருவாங்க. தண்ணி வாய்க்கால்ல ஓடும். நாங்க கரையில நின்னு வேடிக்கை பாக்கலாம். அறுபத்திரண்டு மா, இருபது ஏக்கர் இருக்கும், இருபத்திமூணு குடும்பம். எங்களுக்கு வேற வழி கெடையாது."

*

சாயங்காலம் ஐயாவு வாசலில் உட்கார்ந்து, மறுநாளைக்கு வேண்டிய சாக்குகளை உதறிக்கொண்டிருந்தார். தங்கம்மாள் நாகப்பட்டினத்து நெத்திலிக் கருவாட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். வாசனை தெருக்கோடி வரை போயிருந்தது. சுடர்விழி நோட்டைப் பிரித்துப் பன்னிரண்டாவது வரியைப் படித்தாள்.

ஐயாவு கையில் இருந்த சாக்கைக் கீழே வைத்தார். "பயன்பாட்டுல இல்லியா? போன சம்பாவுக்கு அதுல பாஞ்ச தண்ணியிலதான அறுத்துத் தின்னோம். எவன் வந்து பாத்தான்?"

"மாசி மாசம் நாலு பேரு நாடா புடிச்சு அளந்துக்கிட்டுப் போனாங்களே" என்றாள் தங்கம்மாள் அடுப்படியிலிருந்து. சொல்லிவிட்டு நிறுத்தினாள். கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏங்க, அப்ப மதகு அடைச்சுல்ல கெடந்துச்சு?"

கடைமடைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். சம்பா அறுப்பு முடிந்ததும் மதகின் வாயை வைக்கோல் பிரியும் களிமண்ணும் வைத்து அடைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் கோடை முழுக்க நண்டும் எலியும் குழாயைச் சுற்றிப் பொந்து போட்டு, தண்ணீர் வரும் நாளில் கரை உடைத்துக்கொள்ளும். மேல்மடைக்காரர்களுக்குக் கருங்கல் கட்டு. அவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. அளக்க வந்தவனுக்கு அது தெரிய வழியும் இல்லை.

"மண்ணு வச்சு அடைச்சிருந்தா மேடு தெரியும்ல? அத வச்சுக் கண்டுபுடிக்க மாட்டானா?" என்றாள் சுடர்விழி.

தங்கம்மாள் கரண்டியைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"என்னம்மா?"

"அந்த மண்ணு ஈரமா இருந்துச்சா... ரெண்டு பரங்கி வெத ஊனி வுட்டேன். அது ஓடிக் காடாக் கெடக்கு. இந்த வாரங்கூட மூணு காய் அறுத்தேன்."

ஐயாவு மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"அறுபத்திரண்டு மாவையும் ஒரு பரங்கிக்கொடி வச்சு மூடிட்டியேடி" என்றார் ஐயாவு. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தங்கம்மாளுக்கு வரவில்லை.

"பரங்கி என்னா பண்ணும்? அளக்க வந்தவன் கொடியத் தூக்கிப் பாத்தா கையில முள்ளா குத்திரும்?"

"அதத்தாம்மா நாளைக்குக் கேக்கப் போறேன்."

சோற்றை அப்புறம் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று அப்போதே வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் பன்னிரண்டாவது வரியைப் படித்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு வசவு விழுந்தது, ஒரு கையெழுத்து விழுந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் இருபத்திமூன்று கையெழுத்தும் சேர்ந்துவிட்டன. சங்க முத்திரை மட்டும் செயலாளரிடம் இருந்தது.

*

செந்தில்குமாரின் உரக்கடை மெயின் ரோட்டில் இருந்தது. ஐயாவு வழக்கம்போல் படிக்குக் கீழே நின்றார். சுடர்விழி படியேறி உள்ளே போனாள்.

"என்ன ஐயாவு, மகளக் கூட்டிக்கிட்டு? உரம் இன்னும் வரல" என்றார் செந்தில்குமார். ஐயாவு அவரைவிட இருபது வயது மூத்தவர்.

"உரத்துக்கு வரலீங்க தம்பி. பாப்பா ஏதோ சொல்லுது, கேளுங்க."

அவள் சொன்னாள். செந்தில்குமார் கேட்டுக்கொண்டே பல் குத்தினார். பிறகு அச்செடுத்த தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"இங்கிலீசு எழுத்தா இருக்கு. நீ தமிழ்ங்குற. யாரு காதுல பூ சுத்துற? இதக் கொண்டுபோய்ப் பொறியாளரம்மாகிட்ட நீட்டுனா சங்கத்தப் பத்தி என்னா நெனப்பாங்க?"

"சங்கத்துக்கு இதப் படிக்கத் தெரியலைன்னு நெனப்பாங்க. அது உண்மைதான?"

"பாப்பா, வாய் நீளுது."

"பாப்பா இல்ல. சுடர்விழி. உறுப்பினர் நம்பர் முப்பத்தொன்பது." காது மடல் சூடேறுவது அவளுக்கே தெரிந்தது. "நாலாவது மதகு யாருதுங்க?"

"எங்களுது. ஏன்?"

"மேற்குத் தூண்ல கீறல் இருக்கா?"

செந்தில்குமார் பல் குத்துவதை நிறுத்தினார். அந்தக் கீறலை அவர் அளக்க வந்தவனுக்கு மட்டும்தான் காட்டியிருந்தார், பூச்சில் மறைந்திருந்தது. "உனக்கு யாரு சொன்னா?"

"இந்தத் தாளுதான் சொன்னுச்சு. 'மேற்குத் தூணில் கீறல், கருங்கல் தலைப்பு நல்ல நிலை.' இப்ப உங்க மதகு அகலம் என்னா?"

"ரெண்டு அடி."

"புது மதகு அகலம் அரை அடின்னு போட்டுருக்கு."

அவர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். புழுக்கள் அவருக்கு மட்டும் உருமாறிவிடவில்லை. நான்கு என்ற எண் தெரிந்தது. அதே வரியில் ½ என்பதும் தெரிந்தது. நெற்றியில் வேர்த்துவிட்டது.

"அரை அடியில நாப்பது மாவுக்கு எப்படிப் பாய்ச்சுறது? எலி மூத்திரம் மாதிரில்ல வரும்?"

"அதுவாவது வருதே. எங்களுக்கு அதுவும் கெடையாது" என்று படிக்குக் கீழேயிருந்து ஐயாவு சொன்னார். அவர் அந்தக் கடையில் இத்தனை உரக்கப் பேசி அவள் கேட்டதில்லை.

"முத்திரைய எடுங்க" என்றாள் சுடர்விழி. "பன்னிரண்டாவதும் நாலாவதும் ஒரே மனுவுல இருக்கு. ஒண்ணப் பிரிச்சு ஒண்ண அனுப்ப மாட்டேன்."

செந்தில்குமார் கல்லாவுக்குள் கையை விட்டார்.

*

பொறியாளர் அலுவலகத்துக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கே போய்விட்டார்கள்: ஐயாவு, சுடர்விழி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் செந்தில்குமார். எழுத்தர் மனுவைக் கையால் தொடவில்லை.

"ஆட்சேபணைய மெயில்லதான் அனுப்பணும்."

"அனுப்புனா உங்களுக்குத் திறக்குமா?" என்றாள் சுடர்விழி.

"அதெல்லாம் திறக்கும்."

"நீங்க அனுப்புனது எங்களுக்குத் திறக்கலையே."

சத்தம் கேட்டுப் பொறியாளர் பூர்ணிமா எட்டிப் பார்த்தார். முப்பது வயது இருக்கும். மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான். "யாரு, உள்ள வாங்க" என்றார். மூவரும் உள்ளே போனார்கள்.

"பட்டியல் இறுதியாயிடுச்சே. சங்கத்துலேருந்து 'கிடைத்தது, நன்றி'ன்னு பதிலும் வந்துடுச்சு" என்றார் பூர்ணிமா.

செந்தில்குமார் மின்விசிறியைப் பார்த்தார்.

சுடர்விழி தாளை மேஜைமேல் வைத்தாள். "இது உங்க கையெழுத்துதானே மேடம்?"

"ஆமா."

"பன்னிரண்டாவது வரியப் படிங்க."

பூர்ணிமா தாளைக் கையில் எடுத்தார். கிட்டப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார். எழுத்தர் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"என் சிஸ்டத்துலதான் இப்படித் தெரியுது, மத்தவங்களுக்குத் தமிழ்ல தெரியும்னு சொன்னாங்க" என்றார் பூர்ணிமா மெதுவாக.

"எங்களுக்கும் இப்படித்தான் தெரியுது. உங்களுக்கும் இப்படித்தான் தெரியுது. அடிச்ச ஆளு ஊர்ல இல்ல. அப்ப இந்தப் பட்டியல யாருதான் மேடம் படிச்சது?"

எழுத்தர் வாசற்படியைப் பார்த்தார். இப்படிப்பட்ட அறைகளில் ஐயாவு வாழ்நாளெல்லாம் தலை குனிந்தே நின்றிருக்கிறார். இன்று அவர் குனியவில்லை. பொறியாளர் என்ன சொல்லப்போகிறார் என்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் படிச்சேன்" என்றாள் சுடர்விழி.

"இதையா? எப்படி?"

"அளந்தப்ப எழுதுன நோட்டு உங்ககிட்ட இருக்கும்ல? எடுத்து வச்சுக்கிட்டுச் சரிபாருங்க. நான் இந்தத் தாளப் பாத்துப் படிக்கிறேன்."

பூர்ணிமா அலமாரியைத் திறந்து அளவு நோட்டை எடுத்தார். அது ஆங்கிலத்தில் கையால் எழுதப்பட்டது. எழுத்தர் வேலையை விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார். சுடர்விழி தொடங்கினாள். விரல் மேஜை விளிம்பில் லேசாகத் தட்டியது.

"ஒன்று. தலைமதகு. நீளம் பன்னிரண்டு அடி, அகலம் மூன்று அடி. அடித்தளம் அரிப்பு."

"சரி" என்றார் பூர்ணிமா.

"இரண்டு. நீளம் பத்து, அகலம் இரண்டு. கதவு இல்லை."

"சரி."

"மூன்று. கிழக்குக் கரையில் அரசமரம், வேர் உள்ளே."

"சரி..." பூர்ணிமா நிமிர்ந்து பார்த்தார். "அந்த அரசமரம் நோட்டோட ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கு. இது வேற யாருக்கும் தெரிய வாய்ப்பே இல்ல."

"நான்கு. மேற்குத் தூணில் கீறல். புதிய அகலம் அரை அடி."

"இல்ல. நோட்டுல ரெண்டு அடின்னு இருக்கு."

"அடிச்ச ஆளு கை தவறிருக்கு" என்றாள் சுடர்விழி. செந்தில்குமார் விட்ட மூச்சில் மேஜைமேல் இருந்த தாள் அசைந்தது.

ஐந்திலிருந்து பதினொன்று வரை ஏழு சரி. ஒவ்வொரு 'சரி'க்கும் எழுத்தரின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போனது.

"பன்னிரண்டு. தெற்குத்தெரு மதகு. பயன்பாட்டில் இல்லை. நீக்கம்."

"சரி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்ட பூர்ணிமா நாக்கைக் கடித்துக்கொண்டார். "நோட்டுலயும் அப்படித்தான் இருக்கு. செடிகொடி மூடிக் கிடக்குது, பயன்பாடு இல்லைன்னு."

"அந்தக் கொடி எங்க வீட்டுப் பரங்கிங்க" என்றார் ஐயாவு. "நாங்கதாங்க அடைச்சு வச்சோம். நண்டு பொந்து போடாம இருக்க வருஷா வருஷம் அடைப்போம், தண்ணிக்கு முன்னாடி தொறப்போம். எங்களுக்கு இதான் ஒரே வழி. நீங்க வந்து ஒரு தடவ கண்ணால பாருங்க. பாத்துட்டு நீக்கம்னு எழுதுனா நான் ஒரு வார்த்த பேசல."

பூர்ணிமா கடிகாரத்தைப் பார்த்தார். எழுத்தரிடம், "ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

*

மத்தியானம் ஒன்றரை மணி வெயிலில் தெற்குத்தெருவே வாய்க்கால் கரையில் கூடிவிட்டது. வாய்க்கால் மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. மதகு இருந்த இடத்தில் பச்சைப் பசேலென்று பரங்கிக்கொடி. தங்கம்மாள் தானே அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு நொடிகூட யோசிக்காமல் அடிக்கொடியை வெட்டி இழுத்து எறிந்தாள். ஐயாவு மண்வெட்டியால் களிமண்ணை வாங்கினார். மண்ணுக்குப் பின்னால் வைக்கோல் பிரி. பிரியை உருவியதும் ஒன்றரை அடிக் குழாய் வட்டமாக வாயைத் திறந்தது. அந்தப் பக்கம் வயலின் வெளிச்சம் தெரிந்தது.

பூர்ணிமா செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கினார். குழாய்க்குள் கையை விட்டுத் தடவினார். அடியில் படிந்திருந்த வண்டலை எடுத்துப் பார்த்தார். அதில் சின்னச் சின்ன நத்தைக் கூடுகள் இருந்தன. "போன வருஷத்து வண்டல்" என்றார். நாடாவைப் பிடித்து அளந்தார். நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

"என்னாம்மா எழுதுறீங்க?" என்று கேட்டாள் தங்கம்மாள்.

"பயன்பாட்டில் உள்ளது. புதுசா கட்டித் தரணும். அகலம் ரெண்டு அடி."

"ரெண்டா? ஒண்ணரதான இருந்துச்சு?"

"அறுபத்திரண்டு மாவுக்கு ஒண்ணரை பத்தாது."

கரையில் நின்றவர்கள் போட்ட சத்தத்தில் பருத்திக் கொல்லைக் கொக்குகள் எழுந்து பறந்தன. ஒரு பெண் குலவையிட்டாள். தங்கம்மாள் வெட்டி எறிந்த கொடியிலிருந்து ஒரு காயை அறுத்து ஜீப்பில் வைத்தாள். பூர்ணிமா வேண்டாம் என்றார். "கையூட்டு இல்லம்மா, சாட்சி" என்றாள் தங்கம்மாள்.

பூர்ணிமா சுடர்விழியிடம் வந்தார். "திருத்துன பட்டியல இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். எங்க ஆபீசுல தமிழ் அடிக்க ஆள் இல்ல."

"ஹஃப்ஸா கடையில அடிச்சுத் தர்றேன். ஆனா எல்லாப் போன்லயும் திறக்குற எழுத்துலதான் அடிப்பேன். நீங்க ஒவ்வொரு வரியாப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும்."

செந்தில்குமார் பதறிப்போய், "மேடம்கிட்ட இப்படியா பேசறது?" என்றார்.

"அவங்க சொல்றது சரிதான்" என்றார் பூர்ணிமா. நான்கு ஐம்பதுக்குத் திருத்திய பட்டியல் போனது. ஹஃப்ஸா ஜெராக்ஸ் மிஷின்மேல் ஏறி உட்கார்ந்து கைதட்டினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். பஞ்சாயத்துக் கட்டடத்தில் முன்வரிசை நாற்காலிகளில் மேல்மடைக்காரர்கள் உட்கார்ந்தார்கள். கடைமடைக்காரர்கள் வழக்கம்போல் பின்னால் பாயில் உட்கார்ந்தார்கள். தலைவர் தங்கையன் தீர்மான நோட்டைத் திறந்தார். சங்கம் உரிய நேரத்தில் தலையிட்டு மதகுகளைக் காத்ததற்குச் செயலாளர் செந்தில்குமாருக்கு நன்றி என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

"சங்கம் தலையிடல" என்றாள் சுடர்விழி பின்னாலிருந்து. "நான் தலையிட்டேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். செந்தில்குமார் திரும்பி, "யாரு இல்லைன்னா? பாப்பா... சுடர்விழி இல்லைன்னா இந்த வருஷம் எனக்கும் அரையடிதான். அதுக்குத்தான் ஒரு யோசனை வச்சிருக்கேன். இனிமே வர்ற மெயிலெல்லாம் அதுகிட்ட குடுத்துருவோம். படிச்சுச் சொல்லட்டும். சங்கத்துக்கு உதவியா இருக்கும்" என்றார்.

"நான் படிக்கிறது, நீங்க கையெழுத்துப் போடுறதா?"

"அதுதான முறை?"

"ஆபீசுல அந்த முறையிலதான அந்தம்மா கையெழுத்துப் போட்டாங்க?" அவள் எழுந்து நின்றாள். காது மடல் சிவந்திருந்தது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது. "உதவியெல்லாம் செய்ய மாட்டேன். வர்றதப் படிக்கிறதுதான் செயலாளர் வேல. அந்தப் பொறுப்பக் குடுங்க, செய்யறேன். மூணு வருஷத்துக்கு ஒரு தடவ தேர்தல் வைக்கணும்னு உங்க விதியிலயே இருக்கு. ஆறு வருஷமாச்சு."

முன்வரிசை சலசலத்தது. இதெல்லாம் பேசி முடிவு பண்ற விஷயம் என்று ஒருவர் சொன்னார். சின்னப்புள்ள என்று ஒருவர் சொன்னார். எல்லாருக்கும் பொதுவான ஆளாக வேண்டும் என்றார் இன்னொருவர். அது வரை பேசாமல் இருந்த ஐயாவு பாயிலிருந்து எழுந்தார். அவருக்கு ஓட்டு இல்லை. மகள் பேரில்தான் பத்திரம். ஆனாலும் எழுந்தார்.

"அன்னைக்கு மனுவுல கையெழுத்து எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றார். "தெற்குத்தெரு மட்டும் இருபத்திமூணு. சங்கத்துல மொத்தம் நாப்பத்திரண்டுன்னு பாப்பா சொன்னுச்சு. நான் படிக்காதவன். நாப்பத்திரண்டுல பாதி எவ்வளவுன்னு தலைவரு கொஞ்சம் சொல்லுங்க."

தங்கையன் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இத்தனை வருஷமும் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையும் திரும்பிப் பார்த்தது. அந்த அறையில் எத்தனை பேர் பின்னால் இருக்கிறார்கள் என்று யாரும் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

"கையத் தூக்குங்க" என்றாள் சுடர்விழி.

பாயிலிருந்து கைகள் எழுந்தன. பருத்திக் காய் ஓடு கிழித்த கீறலோடு இருந்த கைகள் அவை. தங்கையன் பேனா முனையால் எண்ணினார். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்திமூன்று. எண்ணி முடித்து நோட்டில் குனியப்போனவர் முன்வரிசையில் ஏதோ அசைவதைப் பார்த்து நிமிர்ந்தார். மூன்றாம் மதகுக்காரர் கை தூக்கியிருந்தார். ஒன்பதாம் மதகுக்காரரும் தூக்கியிருந்தார். கடைசியாக, நாற்காலியில் நெளிந்துகொண்டே, கூரையைப் பார்த்துக்கொண்டே, செந்தில்குமாரின் கையும் தோள் உயரத்துக்கு வந்தது.

"நாலாவது மதகு எனக்கு வேணும்ப்பா" என்றார் யாரையும் பார்க்காமல். அறை முழுக்கச் சிரித்தது.

தங்கையன் தீர்மான நோட்டில் அதுவரை எழுதியிருந்த வரியைக் குறுக்காக அடித்தார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"இப்ப என்னன்னு எழுதறது?" என்றார்.

சுடர்விழி பாய்களைத் தாண்டி, முன்வரிசையைத் தாண்டி மேஜைக்கு வந்தாள்.

"நகருங்க" என்றாள். "நானே எழுதுறேன்."